மாமியிடம் பாய் இழைக்கப் பழகுதல்

முதல் பதினொரு நாளும் நான் ஒரு பாய்கூட இழைக்கவில்லை. முள்ளுத்தான் எடுத்தேன்.

பசிபிக் தீவு நாடான சமோவாவில் பாய்க்கு எடுக்கிற இலை தாழை இனம். லௌஃபாலா என்பார்கள். நம் ஊர்த் தாழையைப் போலவே இரண்டு கரையிலும் முள், அடிப்பக்கத்து நடு நரம்பிலும் முள். நாங்கள் இருக்கிற நியூசிலாந்தின் ஆக்லாந்திலிருந்து தோட்ட வேலைக்கான கையுறை ஒரு சோடி வாங்கிக்கொண்டு போயிருந்தேன். மாமி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பன்றிக்குத் தீனி வைக்கப் போன பேரனிடம் கொடுத்துவிட்டார். எனக்கு ஒரு தேய்ந்த குசினிக் கத்தி கிடைத்தது.

நான் யாழ்ப்பாணத்து வடமராட்சிக்காரி. என் மனுசன் சமோவாக்காரன். அவருடைய தாய் சவாயீ தீவின் வடகரையில் இருக்கிறார். இருபது வருசமாக ஒவ்வொரு நத்தாருக்கும் அந்த வீட்டுப் பாயில்தான் படுத்து எழும்பியிருக்கிறேன், அதை எப்படிச் செய்கிறார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. 2023இல் நாலு மாதம் சம்பளமில்லாத விடுமுறை எடுத்துக்கொண்டு, இதற்கென்றே போனேன். திரும்பி வந்த பிறகு, என்னைப்போல வேற்று இனத்துக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட இரண்டு மூன்று பேர் எப்படித் தொடங்குவது என்று கேட்டார்கள். அவர்களுக்குத்தான் இது.

எங்கே உட்காருவது

"எனக்குச் சொல்லித் தாங்கோ" என்று நேரே கேட்காதீர்கள். நான் கேட்டேன். "ஓம் ஓம்" என்று சொல்லிவிட்டு மாமி தன் வேலையைப் பார்த்தார். அங்கே படிப்பிக்கிறது என்று தனியாக ஒரு வேலை கிடையாது. வேலை நடக்கிற இடத்தில் ஒருவர் இருந்தால், அவர் கைக்கு ஏதாவது வேலை வந்து சேரும், அவ்வளவுதான். "ஓ லே ஆலா இ லே புலே ஓ லே தௌதுவா" என்று சமோவாவில் எல்லாரும் சொல்கிற பழமொழி ஒன்று உண்டு. அதிகாரத்துக்குப் போகிற வழி ஊழியம் என்று அர்த்தம். குடும்பத் தலைவர் பட்டம் வாங்கப்போகிற ஆம்பிளைகளுக்குச் சொல்கிறது. பாய் இழைக்க வருகிற மருமகளுக்கும் அது பொருந்தும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

வீடு என்றால் ஃபாலே. தூண்கள், கூரை, நாலு பக்கமும் திறப்பு. ஆள்கள் இருக்கிற இடத்தைக் கடந்து போகும்போது குனிந்து "துலௌ" என்று சொல்லிக்கொண்டு போக வேண்டும். சப்பாணி கட்டி உட்கார வேண்டும். கால் மரத்து நீட்ட வேண்டி வந்தால் ஒரு பாயையோ துணியையோ மேலே போட்டு மூடிக்கொள்ள வேண்டும். நமக்குச் சப்பாணி புதிதில்லை, ஆனால் ஒரே இருப்பில் மூன்று மணித்தியாலம் இருக்க நாற்பத்தைந்து வயது முழங்கால் சம்மதிக்காது. போவதற்கு ஒரு மாதம் முன்பே வீட்டில் நிலத்தில் இருந்து பழகுங்கள். இதை நான் சும்மா சொல்லவில்லை.

இதில் முக்கியமானது: மாமிக்கு எதிரே உட்காராதீர்கள். நான் மரியாதை என்று நினைத்து முன்னால் உட்கார்ந்து பார்த்தேன். எதிரே இருந்து பார்த்தால் எல்லாம் கண்ணாடியில் பார்ப்பது மாதிரி இடம் வலம் மாறித் தெரியும். ஒரு வாரம் அப்படிப் பழகினேன். அந்தப் பழக்கத்தை மறக்க இரண்டு வாரம் பிடித்தது. அவருடைய இடது தோளுக்குப் பக்கத்தில், கொஞ்சம் பின்னால் தள்ளி உட்காருங்கள். அவர் கை எந்தப் பக்கம் போகிறதோ உங்கள் கையும் அந்தப் பக்கமே போகும்.

வார்த்தைகள் நிறையத் தேவையில்லை. மாமி என்னிடம் சொன்னவை இரண்டே இரண்டுதான். ஒன்று "வாஆய்", பார். மற்றது "தத்தாலா", அவிழ். முதல் மாதம் எழுபது தடவையாவது தத்தாலா கேட்டிருப்பேன். ஒரு எச்சரிக்கை: பேச்சுச் சமோவனில் 'த' எல்லாம் 'க' ஆகிவிடும். சடங்குகளில் கை மாறுகிற நுண்ணிய பாய்க்கு இயே தோங்கா என்று பெயர். அது கோயிலில் தோங்கா, வீட்டில் கோங்கா. நான் அவை இரண்டும் வேறு வேறு பாய் என்று கொஞ்ச நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

போனில் படம் பிடிக்கலாமா? முதல் மாதம் வேண்டாம். நான் போனைத் தூக்கியதும் மாமி இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு சிரித்தபடி படத்துக்கு நின்றார். இழைப்பும் நின்றது. பிறகு அவரே "எடு" என்று சொன்னபோது எடுத்தவை இப்போது உதவுகின்றன, ஆனால் கை ஓரளவு பழகிய பிறகுதான் அந்தப் படங்களில் என்ன நடக்கிறது என்றே எனக்கு விளங்கியது.

இலைதான் வேலை

மாமி ஒரு பாயை இழைத்து முடிக்கிற நேரத்தைவிட இலையைப் பதப்படுத்துகிற நேரம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முற்றிய நீள இலையாகப் பார்த்து வெட்ட வேண்டும். குருத்தை விட்டுவிட வேண்டும். வெட்டியதும் அடியையும் வாலையும் நறுக்கி, முள் எடுக்கத் தொடங்கலாம். இலையின் அடியில், முள் வரிசைக்குச் சற்று உள்ளே கத்தி நுனியால் ஒரு கீறல். அந்தத் துண்டைப் பிடித்து வால் பக்கமாக ஒரே இழுவை. முள்வரிசை முழுதும் நூல் மாதிரி கழன்று வரும். பாதியில் நின்று மீண்டும் இழுத்தால் இலை உள்ளே கிழியும். மற்றக் கரையும் அப்படியே, நடு நரம்பும் அப்படியே. இப்போது ஒரு இலை இரண்டு நாடாவாகிவிட்டது. அம்மம்மா பனையோலைக்குச் சத்தகம் பிடிக்கிற விதம் ஞாபகம் வந்து, கத்தியைச் சுட்டுவிரலோடு ஒட்டிப் பிடித்தேன். மாமி ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அன்று முதல் எனக்குக் கட்டுக் கட்டாக இலை வந்தது. அதை ஒரு பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

பிறகு வெயில். மாமியின் ஊருக்குப் பக்கத்தில், 1905 முதல் 1911 வரை மத்தாவானு எரிமலை கக்கிய குழம்பு கறுத்த பாறையாகக் கடல் வரை கிடக்கிறது. அதன்மேல் விரித்தால் இலை கெதியாகக் காயும். இல்லாதவர்கள் புல்லில் விரிப்பார்கள். பின்னேரம் எல்லாவற்றையும் பொறுக்கி உள்ளே கொண்டுவந்து, காலையில் திரும்ப விரிக்க வேண்டும். பாதி காய்ந்த இலையில் மழை பட்டால் கறுப்புப் புள்ளி விழும், பிறகு எந்தக் கழுவலுக்கும் போகாது. ஒருநாள் நான் கடையில் ரொட்டி வாங்கப் போயிருந்த நேரம் மழை கொட்டியது. ஓடி வந்து பார்த்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஏற்கனவே பாதியை உள்ளே இழுத்திருந்தார்கள். மீதிப் பாதியில் புள்ளி. மாமி அந்த இலைகளை எறியவில்லை. "இது உன்னுடைய பாய்க்கு" என்று தனியாகக் கட்டி வைத்தார்.

காய்ந்த இலை சுருண்டு முறுக்கிக்கொண்டு நிற்கும். அதைக் கைவிரல்களைச் சுற்றி ஒருமுறை இப்படி, பிரித்துத் திருப்பி ஒருமுறை அப்படிச் சுற்றினால் இளகும். பிறகு கத்தியின் முதுகில் வைத்து இழுத்தால் தட்டையாகும். தட்டையானவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி, வண்டிச் சில்லு மாதிரிக் கட்டி வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். தலைநகர் ஆப்பியாவில் ஃபூங்காலேய் சந்தையில் இந்தச் சுருள்களை விற்கிறார்கள், நேரமில்லாதவர்கள் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் முதல் தடவை வாங்கிய இலையில் பழகாதீர்கள். எந்த இலை எங்கே கிழியும் என்று முள் எடுத்த கைக்குத்தான் தெரியும்.

கீறி நாடாவாக்குவது கடைசி வேலை. மாமி வலது பெருவிரல் நகத்தை இதற்காகவே வளர்த்து வைத்திருக்கிறார். நான் ஊசியால் கீறினேன். படுக்கிற பாய்க்கு என் சுண்டுவிரல் அகலம் போதும். அகலம் ஒரே சீராக இருக்க வேண்டும். ஒரு நாடா தடித்தால் அந்த இடத்தில் பாய் தூக்கிக்கொள்ளும்.

கூடையில் தொடங்குங்கள்

தாழை இலையை வீணாக்க யாருக்கும் மனம் வராது. தென்னோலை சும்மா கிடைக்கிறது. அதனால் பிள்ளைகள் எல்லாம் முதலில் பழகுவது அத்தோ, தென்னோலைக் கூடை. கிழங்கு தூக்க, சுடுகல் அடுப்பில் வெந்த சாப்பாட்டைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட, அந்த நேரத்துக்கு ஒன்று பின்னி, காய்ந்ததும் எறிந்துவிடுவார்கள். கிடுகு பின்னத் தெரிந்தவருக்கு இதில் பாதி ஏற்கனவே தெரியும்.

பச்சை மட்டை ஒன்றை வெட்டி, தடித்த அடியையும் மெல்லிய நுனியையும் விட்டு, நடுப்பகுதியை எடுங்கள். மட்டைத் தண்டிலிருந்து ஒரு பக்கத்து ஓலைகளோடு சேர்த்து நீளமாக ஒரு பட்டை சீவி எடுக்க வேண்டும். வளைத்தால் முறியாத அளவுக்கு அது மெல்லியதாக இருக்க வேண்டும், ஓலைகள் கழன்று போகிற அளவுக்கு மெலியவும் கூடாது. இருபத்து நாலு ஓலை இருந்தால் நல்ல கூடை வரும். அதை வட்டமாக வளைத்து இரண்டு முனையையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஈர்க்கால் கட்டுங்கள். ஓலைகள் கீழே தொங்கட்டும்.

இப்போது ஒன்று விட்டு ஒரு ஓலை இடப்பக்கம் சாயும், மற்றவை வலப்பக்கம். இடது சாய்வு ஓலை, எதிரே வருகிற வலது சாய்வு ஓலைக்கு மேலே, அடுத்ததற்குக் கீழே, அதற்கடுத்ததற்கு மேலே. வளையத்தைச் சுற்றிச் சுற்றி வாருங்கள், ஒரே இடத்தில் ஆழமாக இறங்காதீர்கள். ஓலைகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. என் முதல் கூடையில் இருபத்து மூன்று. சுற்றி வந்து சேர்கிற இடத்தில் இரண்டு ஓலைகள் பக்கத்தில் பக்கத்தில் ஒரே பக்கம் சாய்ந்துகொண்டு நின்றன. ஆறு வயது மருமகப்பிள்ளை ஒன்று வந்து பார்த்து, எண்ணி, ஒரு ஓலையைப் பிய்த்து எறிந்துவிட்டுப் போனது.

ஒரு சாண் ஆழம் வந்ததும் கூடையைத் தட்டையாக அமுக்கி, ஒரு மூலையிலிருந்து அடியை மூட வேண்டும். தலைமயிர் பின்னுகிற மாதிரி மூன்று பிரி. ஒவ்வொரு பின்னலுக்கும் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு ஓலை, இந்தப் பக்கத்திலிருந்து ஒரு ஓலை சேர்த்துக்கொண்டே போக வேண்டும். மற்ற மூலைக்கு வந்ததும் வாலை முடிந்து உள்ளே செருகிவிடலாம். ஒரு நாளைக்கு ஒன்று, பத்து நாள். எட்டாவது கூடையில் மாமி கிழங்கு போட்டுக் கொடுத்துவிட்டார்.

பிறகு சிலர் இலி என்கிற விசிறிக்குப் போவார்கள். எனக்கு அதில் ஈடுபாடு வரவில்லை.

பாய்

விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும்தான் இழைக்க நல்ல நேரம். காற்றில் ஈரம் இருக்கும், இலை சொன்னபடி மடங்கும். மத்தியான வெயிலில் நாடா மொரமொரக்கும். அந்த நேரத்தில் ஈரத்துணி ஒன்று பக்கத்தில் வைத்து விரலைத் தொட்டுக்கொள்ளுங்கள். நாடாவை நனைக்காதீர்கள். நனைத்தால் காய்ந்த பிறகு சுருங்கி இடைவெளி விழும்.

நாடாக்கள் பாயின் கரைக்குச் சாய்வாக ஓடும். ஒரு மூலையில் நாலு நாடாவைக் குறுக்கும் மறுக்கும் மேல் கீழாகக் கோத்துத் தொடங்கி, இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனால் அகலம் கூடும். வேண்டிய அகலம் வந்ததும், கரையில் வருகிற நாடாவைச் செங்கோணமாக மடித்துத் திருப்பினால் அது எதிர்ப்பக்கம் போகிற நாடாவாகிவிடும். கரை நேராக இருக்கிறதா என்பதுதான் மாமி முதலில் பார்ப்பது. இழைத்த பகுதி எழும்பாமல் இருக்க அதன்மேல் ஒரு பலகையை வைத்துக்கொள்ளுங்கள், அல்லது மாமியைப்போலத் தொடையை.

நாடா முடிந்தால் புதியதை அதன்மேல் வைத்து, நாலைந்து குறுக்குக்கு இரண்டையும் சேர்த்தே இழைத்துப் பிறகு பழையதை விட்டுவிட வேண்டும். பக்கத்துப் பக்கத்து நாடாக்களை ஒரே இடத்தில் இணைக்கக் கூடாது. பாய் அந்தக் கோட்டில்தான் முறியும்.

பிழை விட்டால் எப்படிக் கண்டுபிடிப்பது? கட்டங்கள் ஒழுங்கு தப்பியது கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் பிழை இருக்காது. அது சாய்வாக நகர்ந்து வந்திருக்கும். ஒழுங்கு தப்பிய நாடாவை விரலால் பின்னோக்கித் தடவிக்கொண்டே போனால், இரண்டுக்கு மேலாகவோ இரண்டுக்குக் கீழாகவோ போன ஒரு இடம் அகப்படும். அதுவரை தத்தாலா. இழைத்ததைத் தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் தளர்ந்த இடங்கள் ஊசி ஊசியாகத் தெரியும். இறுக்குவதற்கு விரல்நுனியால் ஒவ்வொரு நாடாவையும் தொடக்க மூலைப் பக்கம் தள்ளிக்கொண்டே வரவேண்டும். முடிக்கிற கரையில் மிச்ச வால்களை மடித்து, வந்த வழியே மூன்று நாலு கட்டம் செருகி நறுக்கிவிட்டால் சரி.

பின்னேரம் குடும்ப வேண்டுதலுக்கு மணியோ சங்கோ கேட்டால் கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட வேண்டும். ஞாயிறு தொடவே கூடாது.

ஆறு கிழமையில் நான் ஒரு ஆள் படுக்கிற பாய் ஒன்றை முடித்தேன். மழைப்புள்ளி விழுந்த இலையில் இழைத்தது, ஒரு கரை கொஞ்சம் வளைந்தது. அடுத்த மாதம் என் மனுசனின் பெரியப்பா முறையான ஒருவர் செத்தார். செத்தவீட்டுக்குக் கொடுக்க வீட்டில் இருந்த பாய்களை மாமி அடுக்கியபோது என்னுடையதும் அந்த அடுக்கில் போனது. எனக்கு நெஞ்சு திக்கென்றது. யாரும் என்னைக் கேட்கவில்லை, கேட்பதும் வழக்கமில்லை. நன்றாக வந்தாலும் வராவிட்டாலும் உங்கள் முதல் பாய் உங்களிடம் இருக்காது என்று இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். படம் வேண்டுமென்றால் அன்றைக்கே எடுத்து வைத்துவிடுங்கள். அதற்குப் பதிலாக அந்தச் செத்தவீட்டிலிருந்து எங்களுக்கு வேறு யாரோ இழைத்த பாய் இரண்டு வந்தன. ஒன்றில் இப்போது நான் படுக்கிறேன். அந்தக் கரை என்னுடையதைவிட நேர்.

இயே தோங்காவை என்ன செய்வது

தொடாதீர்கள். வேலை கேட்டால் செய்யுங்கள்.

இயே தோங்கா விரித்துப் படுக்கிற பாய் இல்லை. லௌ இயே என்கிற வேறு தாழையின் இலையை அவித்து, தோலை இரண்டாகப் பிரித்து, கடலில் கல்லுக்கு அடியில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, வெயிலில் வெளுக்க வைத்து எடுப்பது. மிக நுண்ணிய வகைக்கு நாடா ஒரு மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். கையில் எடுத்தால் பட்டுச்சேலை மாதிரி வழியும். ஒன்று முடிய மாதங்கள் ஆகும், நுண்ணியது வருசக்கணக்கிலும் போகும். கரையில் சிவப்பு இறகு. முன்பு ஃபிஜிப் பக்கத்திலிருந்து வந்த சிறு கிளியின் இறகு, இப்போது சாயம் போட்ட கோழி இறகு. கலியாணம், செத்தவீடு, பட்டம் கட்டுகிற சடங்கு எல்லாவற்றிலும் குடும்பத்துக்குக் குடும்பம் கை மாறிக்கொண்டே இருக்கும். 2019இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இதைச் சேர்த்தார்கள்.

பெரிய குற்றம் செய்தவரின் குடும்பம் மன்னிப்புக் கேட்கப் போகும்போது இதைத் தலையோடு போர்த்துக்கொண்டு பாதிக்கப்பட்டவரின் வீட்டு முன்னால் இருக்கும். இஃபோங்கா என்று பெயர். 1970களில் பசிபிக் தீவு மக்களின் வீடுகளுக்குள் விடியப்புறம் பொலிஸ் புகுந்ததற்காக 2021 ஆகஸ்ட் 1 அன்று ஆக்லாந்து நகர மண்டபத்தில் நியூசிலாந்தின் அன்றைய பிரதமர் ஜசிந்தா ஆர்டெர்ன் மன்னிப்புக் கேட்க வந்து பாயால் மூடப்பட்டு இருந்ததைத் தொலைக்காட்சியில் எல்லாரும் பார்த்தோம். என் மனுசன் அழுதார். நான் அந்தப் பாயின் நாடா அகலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், அப்போது எனக்கு அது என்னவென்றே தெரியாது, இருந்தும் பார்த்தேன்.

இதை இழைப்பது ஒருவர் தனியாகச் செய்கிற வேலையும் இல்லை. ஊர்ப் பெண்கள் ஒரே ஃபாலேயில் கூடி, மூத்த கைகாரி ஒருவரின் கண்ணுக்கு முன்னால், ஆளுக்கு ஒரு பாயோடு இருப்பார்கள். எனக்கு மூன்றாவது மாதம்தான் அங்கே இடம் கிடைத்தது. நாடா எடுத்துக் கொடுக்கிறது, தேத்தண்ணி ஊற்றுகிறது. பகிடிகள்தான் அங்கே பெரிய விசயம், அவற்றை இங்கே எழுத முடியாது. குடும்பத்தில் இழைக்கிறவர் இல்லாதவர்களும் ஊர்ப் பெண்கள் குழுவிடம் இப்படித்தான் போய்ச் சேர வேண்டும், யாராவது ஒரு மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு.

கொண்டு போவது, கொண்டு வருவது

திரும்பி வரும்போது பதினாலு சுருள் இலை கொண்டு வந்தேன். நன்றாகக் காய்ந்து, பூச்சி இல்லாமல், மண் தட்டி இருக்க வேண்டும். ஆக்லாந்து விமான நிலையத்தில் கேட்பதற்கு முன்பே எழுதிக் காட்டிவிடுங்கள். அதிகாரி ஒவ்வொரு சுருளையும் முகர்ந்து பார்த்துவிட்டுத் தந்தார். பச்சைத் தென்னோலைக் கூடையை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். ஆக்லாந்துக் குளிரில் பாயும் இலையும் பூஞ்சணம் பிடிக்கும், மாதம் ஒருமுறை வெயில் காட்டுங்கள். மடிக்காதீர்கள், சுருட்டுங்கள்.

இங்கே கரை மடிக்கிறது மறந்துபோனால் மாமியை வீடியோவில் கூப்பிடுகிறேன். அவர் போனைக் கூரையைப் பார்க்கப் பிடித்துக்கொண்டு கதைப்பார். எனக்கு வளை மரம் தெரியும், "தத்தாலா" கேட்கும்.

மாமிக்கு இந்த முறை கொண்டுபோக அவரே சொன்ன பட்டியல்: கிட்டத்தில் பார்க்க இரண்டரை இலக்கக் கண்ணாடி இரண்டு, நல்ல கத்தரிக்கோல் ஒன்று, பாய்க் கரையில் தைக்கக் கம்பளி நூல், சிவப்பு நிறையவும் மஞ்சள் கொஞ்சமும், பச்சை வேண்டாம். கடைசியில் இன்னொன்றும் சொன்னார். அந்தக் கையுறை மாதிரி இன்னும் ஒரு சோடி, பேரனுக்கு.